நான் போகாத கூட்டத்தில் என் கையெழுத்து!

கேள்வி: எங்கள் அறக்கட்டளைத் தலைவர் என்னையும் இன்னொரு அறங்காவலரையும் நீக்கிவிட்டு, தன் உறவினர்கள் இருவரைப் போட்டுக்கொண்டார். நோட்டீஸே வரவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் நான் கூட்டத்துக்கு வந்ததாகக் கையெழுத்து வேறு! யார் பொறுப்பு?

பதில்: முதலில் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். யாரை, என்ன காரணத்துக்காக, எத்தனை பேர் ஒப்புதலோடு நீக்கலாம் என்று அதில் எழுதியிருப்பதுதான் அடிப்படை. தலைவர் என்பதற்காக இஷ்டத்துக்கு ஆளை மாற்ற முடியாது. முன்னறிவிப்போ, கூட்டத்துக்கு வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்களோ (கோரம்) இல்லாமல் போட்ட தீர்மானத்தைச் செல்லாது என்று நீதிமன்றம் அறிவிக்கலாம். சரி, அதற்குள் அந்தப் புது ஆட்கள் கையெழுத்துப் போட்டு வங்கியில் பணம் எடுத்து, இடத்தை அடிமாட்டு விலைக்குக் குத்தகை விட்டிருந்தால்? நஷ்டத்தைத் தலைவரும், தெரிந்தே உடந்தையாக இருந்தவர்களும் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டிவரலாம். விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தில் ஒப்பந்தம் போட்ட வெளியாளிடம் இடத்தைத் திரும்பப் பெறுவது அவ்வளவு சுலபமில்லை.

உங்கள் கையெழுத்தை யாரோ போட்டிருந்தால் அது உள்தகராறு இல்லை, போர்ஜரி, குற்ற வழக்கு. இன்றே எழுத்தில் ஆட்சேபம் அனுப்பி, பதிவாளருக்கும் வங்கிக்கும் நகல் கொடுங்கள். வாயால் சண்டை போட்டதெல்லாம் கணக்கில் வராது. நாள் கடத்தினால், நீங்கள் சம்மதித்துத்தான் விலகினீர்கள் என்பார்கள்.