விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ்: கேள்வி பதில்

விண்டோஸ் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை, அதாவது விஎம்மை, ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸை நிறுவுகிறவர்களின் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, விஎம்மைத் தொடங்கினாலே 'விடி-எக்ஸ் முடக்கப்பட்டுள்ளது' என்று பிழை வருகிறது.

விடி-எக்ஸ் என்பது விஎம்களை ஓட்ட சிப்பில் இருக்கும் வசதி. பயாஸுக்குள் (கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் அதை இயக்க வேண்டும். இன்டெல் சிப் என்றால் 'விடி-எக்ஸ்' அல்லது 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்று இருக்கும். ஏஎம்டி என்றால் பெரும்பாலும் 'எஸ்விஎம் மோட்'. சேமித்துவிட்டுக் கணினியை முழுதாக அணைத்து, மறுபடி போடுங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்' என்று வந்தால் சரி.

8 ஜிபி ரேம்தான் இருக்கிறது. எவ்வளவு கொடுக்கலாம்?

உபுண்டு டெஸ்க்டாப்புக்கு 4 ஜிபி. அதற்கு மேல் கொடுத்தால் விண்டோஸ் திணறும், கூடவே விஎம்மும் திணறும். கட்டளை வரியில் மட்டும் பழகப் போகிறீர்கள் என்றால் உபுண்டு சர்வர் போடுங்கள், 2 ஜிபி போதும்.

டெபியன் நிறுவினேன் சார். சூடோ போட்டால் என் பெயர் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை என்கிறது. மறுபடி நிறுவ வேண்டுமா?

வேண்டாம். சூடோ என்பது சாதாரணப் பயனர் நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் வழி, ரூட் என்பது நிர்வாகிக் கணக்கு. நிறுவும்போது ரூட் கடவுச்சொல் கேட்ட இடத்தில் ஒன்றைக் கொடுத்திருப்பீர்கள். கொடுத்தால், நிர்வாக வேலைகளை ரூட் பார்த்துக்கொள்ளும் என்று டெபியன் எடுத்துக்கொள்கிறது. உங்கள் பயனரை சூடோ குழுவில் சேர்க்காது. அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தால் சேர்த்திருக்கும். இப்போது 'எஸ்யு' போட்டு, ஒரு ஹைபனும் சேர்த்து, ரூட்டாக நுழையுங்கள். பயனரை சூடோ குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

விடி-எக்ஸ் பிழை வருகிறது, என்ன செய்ய?

முதல் பதில்.

உபுண்டு சர்வருக்கு 50 ஜிபி வட்டு கொடுத்தேன். 'டிஎஃப்' (வட்டில் உள்ள இடத்தைக் காட்டும் கட்டளை) போட்டால் 24 ஜிபிதான் காட்டுகிறது. மீதி எங்கே?

எங்கும் போகவில்லை. அந்த நிறுவி எல்விஎம் முறையில் (பின்னால் நீட்டக்கூடிய லாஜிக்கல் வால்யூம்களாக) வட்டைப் பிரிக்கும்போது, ரூட் பகுதிக்கு (ரூட் கணக்கு அல்ல, லினக்ஸின் கோப்புகள் இருக்கும் முதன்மை இடம்) ஏறக்குறைய பாதியைத்தான் தருகிறது. மீதி அதே வால்யூம் குழுவில் (வால்யூம்களுக்கு இடம் தரும் பொதுத் தொகுப்பு) சும்மா கிடக்கிறது. 'எல்வி-எக்ஸ்டெண்ட்' கொண்டு லாஜிக்கல் வால்யூமை நீட்டி, பிறகு 'ரீசைஸ்2எஃப்எஸ்' கொண்டு கோப்பு முறைமையையும் நீட்டுங்கள். இரண்டும் வேண்டும். தொடங்கும் முன் விஎம் கோப்புறையை ஒரு வெளி வட்டுக்கு நகல் எடுங்கள். ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அப்போதைய நிலையை விர்ச்சுவல்பாக்ஸ் பதிந்துவைப்பது) எடுத்துவிட்டேன், போதும் என்று இருக்காதீர்கள்.

ஒரு உபுண்டு சர்வர் விஎம்மை குளோன் செய்து (அப்படியே நகலெடுத்து) இரண்டாக்கினேன். இரண்டுக்கும் ஒரே ஐபி வருகிறது. குளோன் செய்யும்போது புது மேக் முகவரிதான் (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) கொடுத்தேன்.

நல்ல கேள்வி. முதலில், நெட்வொர்க் என்ஏடி முறையில் இருந்தால் இது கோளாறே இல்லை. அதில் ஒவ்வொரு விஎம்முக்கும் அதற்கென்று ஒரு தனி ரவுட்டர் இருப்பதுபோல் விர்ச்சுவல்பாக்ஸ் நடந்துகொள்கிறது. அதனால் எல்லாமே 10.0.2.15 என்றுதான் காட்டும்.

பிரிட்ஜ் முறையில் (விஎம் உங்கள் ரவுட்டரிடமே நேரடியாக ஐபி வாங்கும் முறை) இப்படி வந்தால்தான் பிரச்சினை. காரணம், ஈடிசி கோப்புறையில் இருக்கும் மெஷின்-ஐடி என்ற சின்னக் கோப்பு. உபுண்டு சர்வர் ஐபி கேட்கும்போது, மேக் முகவரியை வைத்துத் தன்னை அடையாளம் சொல்வதில்லை. மெஷின்-ஐடியிலிருந்து உண்டாக்கிய ஓர் அடையாளத்தை அனுப்புகிறது. குளோனில் அந்தக் கோப்பும் அப்படியே நகலாகிவிட்டது. 'அதே ஆள்தான் திரும்பக் கேட்கிறார்' என்று ரவுட்டர் பழைய ஐபியையே தருகிறது.

குளோனுக்குள் போய் அந்தக் கோப்பைக் காலியாக்குங்கள். அழிக்க வேண்டாம், உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை கிளம்பும்போது புதிதாக ஒன்று உண்டாகும். அப்புறம், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) ஹோஸ்ட் சாவிகளும் நகலாகியிருக்கும். அவற்றை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். ஹோஸ்ட் பெயரையும் மாற்றுங்கள். இதையெல்லாம் செய்யும் முன், மூல விஎம்முக்கு வெளி வட்டில் ஒரு நகல் இருக்கட்டும்.

வெளி வட்டு, வெளி வட்டு என்றே சொல்கிறீர்களே. நான் வாரா வாரம் ஸ்னாப்ஷாட் எடுக்கிறேன். அதுவே பேக்கப்தானே?

இல்லை. ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் மூல வட்டுக் கோப்பு உறைந்துவிடுகிறது. அதன் பிறகு எழுதுவதெல்லாம் தனியாக ஒரு வேறுபாட்டுக் கோப்பில் போகிறது. அடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு இன்னொரு கோப்பு. எல்லாம் சங்கிலி. அடியில் இருக்கும் கோப்பு கெட்டால் மேலே இருக்கும் பத்தும் பயன்படாது.

ஆனால் நான் எத்தனையோ முறை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறேன். ஒருமுறை கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கெட்டபோதுகூட.

அது அதற்கான வேலைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. விஎம்முக்குள் நீங்கள் செய்த தவறைத் திருத்த ஸ்னாப்ஷாட்டை விடச் சிறந்தது கிடையாது. வெளியே இருக்கும் வட்டு போனால்? எனக்குப் போயிருக்கிறது. ஆறு மாதம் பார்த்துப் பார்த்து அமைத்த ஒரு சர்வர், பதினொரு ஸ்னாப்ஷாட், எல்லாம் அந்த ஒரே வட்டில். ஒரு கோப்புகூட மீளவில்லை.

எங்கள் அலுவலகத்தில் பேக்கப் எடுக்க ஸ்னாப்ஷாட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது தப்பா? (இது வேறொருவர்)

தப்பில்லை. அங்கே ஸ்னாப்ஷாட் எடுத்து, உறைந்த அந்த நிலையை வேறு இடத்துக்கு நகலெடுத்து, பிறகு ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடுவார்கள். வேறு இடத்துக்குப் போன நகல்தான் பேக்கப். இன்னொன்று: இடம் போதவில்லை என்று விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் போய் ஸ்னாப்ஷாட் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். சங்கிலி அறுந்துவிடும். நீக்குவதை விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளிருந்தே செய்யுங்கள், அது ஒன்றோடொன்று சேர்த்துக்கொள்ளும்.

ஆப்பிளின் எம்1 மேக் கணினியில் எப்படி?

ஏஆர்எம் (எம்1 சிப்பின் வகை) பதிப்பு உபுண்டு வேண்டும். யுடிஎம் என்ற செயலியைப் பாருங்கள். மேக் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

சார், விடி-எக்ஸ்...

பயாஸ். மேலே விளக்கமாக எழுதியிருக்கிறேன், கேட்கும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஸ்னாப்ஷாட் கேட்டவன்தான். விஎம்மை அணைத்துவிட்டு ஓவிஏ கோப்பாக (விஎம்மை ஒரே கோப்பில் கட்டியது) எக்ஸ்போர்ட் செய்து வெளி வட்டில் போட்டுவிட்டேன். சரியா?

மிகவும் சரி. ஆனால் ஓவிஏவில் இப்போதைய நிலை மட்டும்தான் போகும், ஸ்னாப்ஷாட்கள் போகாது. அவையும் வேண்டுமென்றால் விஎம் அணைந்திருக்கும்போது முழுக் கோப்புறையையும் நகலெடுங்கள். அப்புறம் அந்த ஓவிஏவை வேறொரு கணினியில் இம்போர்ட் செய்து, லாகின் திரை வருகிறதா என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.