தம்பிக்கு லோன், உங்களுக்கு வாட்டர்கலர்

கேள்வி: 17 வருடமாக விளம்பர ஏஜென்சிகளுக்குப் படம் வரைகிறேன். மாதம் சராசரியாக 65,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவு 38,000. வாட்டர்கலர் ஓவியராக மாற ஆசை. தம்பி கடைக்காக என் பெயரில் எடுத்த 6 லட்சம் பர்சனல் லோனுக்கு 14,000 இஎம்ஐ கட்டுகிறேன். இன்னும் 4 லட்சம் கேட்கிறான். வருடம் 1 லட்சம் கட்டினால் பிற்பாடு உத்தரவாத வருமானம் என்று ஒரு பாலிசியும் சொல்கிறார்கள். எடுத்துவிட்டு வேலையை விடலாமா? - கோவை வாசகி

பதில்: பாலிசி வேண்டாம். மாதக் கணக்கில் அது 8,300 ரூபாய். பில் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று மாதம் காத்திருக்கும் தொழில் உங்களுடையது. ஆரம்ப வருடங்களிலேயே கட்ட முடியாமல் போனால், போட்டதில் நல்ல பங்கு திரும்பி வராது. 'உத்தரவாதம்' என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள்.

உங்களைப் பிடித்து இழுப்பது தம்பிக்காக உங்கள் பெயரில் கடன் வாங்கும் பழக்கம்தான். வேலையைக் குறைக்கும் முன் ஒரு வருடச் செலவாவது கையில் வேண்டும், சுமார் 4.5 லட்சம். இப்போது இஎம்ஐ போக 13,000 மிஞ்சுகிறது. மூன்று வருடத்தில் சேர்த்துவிடலாம். புது 4 லட்சத்துக்கு 14% வட்டியில், ஐந்து வருடத் தவணை என்றால் இன்னொரு 9,300 போகும். மிஞ்சுவது 3,700. அந்த வேகத்தில் ஐந்து வருடம் சேர்த்தாலும் பாதிகூடத் தேறாது! தம்பி மேல் உங்களுக்குள்ள பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் கேட்பது உங்கள் வாழ்க்கையின் சில வருடங்களை.

சரி, வேலையை முழுக்க விடலாமா? 15,000 ரூபாய்க்கு ஓவியம் விற்றால், கேலரி மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும் என்று வையுங்கள். பிரேம், பருத்தித் தாள், வண்ணம் எல்லாம் போக கையில் 7,500 நிற்கலாம். 38,000-க்கு மாதம் ஐந்து ஓவியம் விற்க வேண்டும், ஒரு மாதம்கூடத் தவறாமல். தொடக்கத்தில் அது நடக்காது. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய, சென்னை அருகே உள்ள சோழமண்டலம் என்ற ஓவியர் குடியிருப்பில்கூட ஓவியர்கள் பாட்டிக் (மெழுகு வைத்துச் சாயமேற்றிய துணி), கைவினைப் பொருள்கள் விற்றுத்தான் வயிறு கழுவினார்கள். ஓவியத்தை விற்பனைக்காக வளைக்காமல் இருக்க அந்த வருமானம்தான் கைகொடுத்தது. ஒழுங்காகப் பணம் தரும் இரண்டு ஏஜென்சிகளை மட்டும் விடாதீர்கள். வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கு, மீதி தூரிகைக்கு.

தம்பியிடம் இந்த வாரமே பேசுங்கள். புது லோன் கிடையாது என்று சொல்லிவிட்டு, பழைய இஎம்ஐயில் மாதம் 5,000 ஆவது உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள். அந்த 5,000 வர ஆரம்பித்தால் மூன்று வருடம் என்பது இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் என்று ஆகிவிடும்.