பைக்ல புது பிரேக் ஷூ போட்டும் பின் பிரேக் சரியில்லையா? ட்ரம் வாங்குறதுக்கு முன்னாடி ராடு நட்டைப் பாருங்க

கேள்வி: அண்ணா, நான் அயனாவரம். போன மாசம் 1984 மாடல் புல்லட் ஒண்ணு வாங்குனேன், வித்தவரு 'வின்டேஜ் பீஸ்'னு சொல்லி கொஞ்சம் கூடவே வாங்கிட்டாரு. பின் பிரேக் பெடல் கீழ வரைக்கும் போச்சு, பக்கத்து கடைல குடுத்தேன், ஷூ மாத்தி 1,800 ரூபா வாங்குனாங்க. பில் கேட்டா 'பழைய வண்டிக்கு எதுக்கு சார் பில்லு'ன்னு சிரிக்கிறாங்க. ரெண்டு நாள் நல்லா புடிச்சுது. அப்புறம் செயின் லூஸா இருக்குன்னு அங்கயே டைட் வெச்சேன், அன்னிக்கு சாயங்காலமே வண்டி இழுக்கல, பின் வீல் பயங்கர சூடு. திரும்பப் போனா 'ட்ரம் போச்சு, 4,500 ஆகும்'ங்கறாங்க. மாத்தலாமா? இவங்க மேல கம்ப்ளைன்ட் பண்ண முடியுமா?

பதில்: தம்பி, பணத்த எடுக்காதீங்க. விடை உங்க கேள்விலயே இருக்கு, 'செயின் டைட் வெச்சேன்'னு ஒரு வரி போற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, அதான்.

ட்ரம்ங்கறது பின் வீலோட சுத்துற வட்டக் கிண்ணம், ஷூங்கறது அதுக்குள்ள விரிஞ்சு உரசி வண்டிய நிறுத்துற வளைஞ்ச துண்டு. செயின் டைட் பண்ணனும்னா பின் வீல பின்னால தள்ளணும். வீல் பின்னால போனா ட்ரம் பிளேட்டும் அதுல இருக்குற பிரேக் ஆர்மும் (ராடு இழுத்தா ஷூவ விரிய வைக்கிற சின்ன கை) கூடவே போகும், ஆனா பெடல்ல இருந்து வர்ற ராடு அதே நீளம்தான, அது ஆர்ம புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும். நீங்க கால வைக்காமலே பிரேக் லேசா புடிச்ச மாதிரி. அதான் வண்டி இழுக்கல, அதான் சூடு. செயின தொட்டா பிரேக்கையும் திரும்ப செட் பண்ணித்தான் ஆகணும், அதுவும் செயின் முதல்ல பிரேக் அப்புறம். இத உங்க கடைக்காரர் மறந்தாரா, இல்ல தெரிஞ்சே விட்டாரான்னு எனக்கு தெரியாது.

நீங்களே பாத்துடலாம், பத்து நிமிஷ வேலை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல்ல வீல கையால சுத்துங்க. ராடோட பின் நுனில இருக்குற நட்ட கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணிட்டே வாங்க, ஷூ ட்ரம்ல உரசி 'ஸ்ஸ்ஸ்'னு சத்தம் வரும், அங்க நிறுத்திட்டு சத்தம் போற வரைக்கும் லூஸ் பண்ணுங்க. பெடல்ல சுமார் ஒரு இஞ்ச், அதாவது 25 மில்லிமீட்டர், சும்மா ஆடிட்டு அப்புறம் பிரேக் புடிக்கணும். அதோட முடிக்காம ஒருத்தர வண்டில உக்கார வெச்சு திரும்ப ஒரு தடவ பாருங்க, ஏன்னா வெயிட் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது ராடோட இழுப்பும் கொஞ்சம் மாறும், ஸ்டாண்ட்ல ஃப்ரீயா இருந்தது ரெண்டு பேர் போறப்ப உரசலாம். பிரேக் லைட் ஸ்விட்சயும் பாத்துக்கங்க, இல்லன்னா லைட்டு எரிஞ்சுட்டே இருக்கும், பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சே சாவடிப்பான்.

இன்னொண்ணு, வீல் கழட்டி மாட்டுனா ஷூ நடு சென்டர்ல உக்காராம ஒரு பக்கமா உரசும். ஆக்சில் நட்ட லேசா லூஸ் பண்ணி, பெடல நல்லா அழுத்திப் புடிச்ச மாதிரியே டைட் பண்ணுங்க, ஷூ தானா நடுவுக்கு வந்துடும். இத பண்ணாமலேதான் முக்காவாசி கடைல வண்டிய வெளிய அனுப்புறாங்க.

இப்ப ட்ரம் விஷயம். ராடுல நட்டு எங்க நிக்குதுன்னு பாருங்க. புது ஷூ போட்ட வண்டில நட்டு ராடு நுனி பக்கமா நிக்கணும், ஷூ தேயத் தேய உள்ள வரும். புது ஷூ போட்ட வாரத்துலயே மரை முடியற அளவுக்கு உள்ள வந்துட்டா ஒண்ணு ஷூ மெலிசு, இல்ல ட்ரம் நிஜமாவே தேஞ்சிருக்கு, இல்ல ஷூவ விரிக்கிற கேம் தேஞ்சிருக்கு. பிரேக் அழுத்துனப்ப ராடும் ஆர்மும் கிட்டத்தட்ட 90 டிகிரில நிக்கணும். ஆர்ம கழட்டி ஒரு பல் தள்ளி மாட்டி ஒப்பேத்துறவங்க உண்டு, அதுக்கு ஒத்துக்காதீங்க, தேஞ்ச ஷூவ மறைக்கிற வேலை அது. ட்ரம்ம கழட்டி உள்ள விரல் விட்டு விளிம்புல தடவுங்க, படிக்கட்டு மாதிரி விளிம்பு தட்டுனா தேஞ்சிருக்கு. ஓடும்போது பிரேக் புடிச்சா பெடல் கால்ல துடிக்குதுன்னா ஓவல் ஆயிருக்கு. ரெண்டும் இல்லன்னா ட்ரம்ம மாத்த ஒரு காரணமும் இல்ல. அதுலயும் உங்க பழைய காஸ்ட் அயர்ன் என்ஜின் புல்லட்ல பின் ட்ரம்மும் செயின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே பீஸ், அதனால ட்ரம்னு ஆரம்பிச்சா செயினும் மாத்தணும்பாங்க, 4,500 அதோட நிக்காது. (கழட்டும்போது உள்ள இருக்குற தூசிய வாயால ஊதாதீங்க, ஷூ மேல ஒட்டியிருக்குற உரசுற பட்டை, அதாவது லைனிங், பழசா இருந்தா அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால தொடைங்க.)

நானும் ஏமாந்தவன்தான். ஒரு கடைல ரெண்டு தடவ ஷூ மாத்துனேன், கடைசில பாத்தா வீல் பேரிங் பக்கம் இருந்து கிரீஸ் கசிஞ்சு லைனிங் முழுக்க வழவழன்னு இருந்துச்சு, சீல் மாத்துனதும் சரியாப் போச்சு. அதுலேர்ந்து நான் பழைய பார்ட்ட கையில வாங்காம கடைய விட்டு வர்றதே இல்ல.

ஷூ வாங்கறதுக்கு சென்னைல ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற ஜிபி ரோடு போனாலும் சரி புதுப்பேட்டை போனாலும் சரி, பழைய ஷூவ எடுத்துட்டுப் போங்க, பக்கத்துல வெச்சு தடிமன் பாருங்க. பாக்கெட்ல தயாரிப்பாளர் பேரு, விலை, மாசம் வருஷம் அச்சடிச்சிருக்கணும். இல்லாத பாக்கெட்ட 'ஒரிஜினல்தான் சார்'னு சொன்னா நம்பாதீங்க.

கம்ப்ளைன்ட்? தாராளமா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில் குடுக்காம இருக்கறதே முறையற்ற வணிக நடைமுறைல வருது, வண்டி எத்தன வருஷம் பழசுன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க. முதல்ல கடைக்கு வாட்ஸ்அப்ல என்ன தேதி, என்ன வேலை, எவ்வளவு குடுத்தீங்கன்னு எழுதி பில் கேளுங்க, ஜிபேல குடுத்திருந்தா அந்த ஸ்க்ரீன்ஷாட்டும் போடுங்க. அசையலன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் அது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக ரெண்டு வருஷம் டைம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. ஆனா 1,800 ரூபாய்க்கு அலையணுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும், என்னக் கேட்டா ஒரு போன் காலோட பாதி கடை வழிக்கு வந்துடும்.

அப்புறம் அந்த 'வின்டேஜ்'. 2021ல வந்த மத்திய அரசு விதிப்படி முதல் ரிஜிஸ்ட்ரேஷன்லேர்ந்து 50 வருஷம் தாண்டுனாதான் வின்டேஜ், அதுக்கு 'விஏ' சீரிஸ் நம்பர் தனி, அத வெச்சு தினசரி ரோட்ல ஓட்டவும் முடியாது. உங்களது 1984. பழைய வண்டி, அவ்வளவுதான். நீங்க கூட குடுத்தது அந்த வார்த்தைக்கு. ஆர்சி ரினியூ ஆயிருக்கான்னு மட்டும் இன்னிக்கே எடுத்துப் பாருங்க.

கேள்வி: மழைல கணேசபுரம் சப்வே தண்ணிக்குள்ள போயி வந்தேன், அதுலேர்ந்து பழைய பைக்ல பின் பிரேக் சுத்தமா பிடிக்கல. ஷூ மாத்தணுமா? (வியாசர்பாடி)

பதில்: மாத்தாதீங்க. ட்ரம்முக்குள்ள தண்ணி. காலியா இருக்குற ரோட்ல மெதுவா ஓட்டிக்கிட்டே பெடல லேசா அழுத்தி கொஞ்ச தூரம் போங்க, சூட்டுல காஞ்சு பிடிப்பு திரும்ப வந்துடும். மறுநாளும் 'கிறீச்'னு கத்துனா கழட்டி சேற தொடச்சு, லைனிங் பளபளன்னு ஆயிருந்தா எமரி பேப்பர்ல லேசா தேச்சு மாட்டுங்க. கேம் கம்பி துரு புடிச்சு பெடல் திரும்பி வரலன்னா அதுக்கு மட்டும் கொஞ்சூண்டு கிரீஸ், லைனிங் மேல பட்டுச்சுன்னா அப்ப நிஜமாவே ஷூ வாங்க வேண்டியதுதான்.