சாம்பார்க் காகிதம்

அன்புள்ள ஐயா,

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வேலை செய்பவர்களின் யோசனையையும் கேட்கலாமே என்று நிர்வாகம் ஆறு மாதத்துக்கு முன் அலுவலக வாசலில் ஒரு பெட்டி வைத்தது. இதுவரை விழுந்தவை இரண்டே காகிதங்கள். ஒன்றில் கேண்டீன் சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று எழுதியிருந்தது. மற்றொன்று வெற்றுக் காகிதம். நம் ஆட்களுக்கு வேலையில் ஒட்டுதலே இல்லை என்கிறார் மேலாளர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், பாலக்காடு

அன்புள்ள நண்பருக்கு,

சாம்பார் பிறகு கெட்டியானதா? கடிதத்தில் அதை நீங்கள் சொல்லவே இல்லை.

நான் மூணாற்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவன். அம்மா கொழுந்து பறித்தவர். எந்தச் சரிவில் கொழுந்து முற்றப்போகிறது என்பது கங்காணிக்கு முன்பே அவருக்குத் தெரியும். ஒருமுறை சொல்லிப் பார்த்தாராம். “உன் வேலையைப் பார்” என்று பதில் வந்திருக்கிறது. அதன்பிறகு சரிவுகளைப் பற்றி இரவில் எங்களிடம்தான் பேசுவார். இதை ஒட்டுதல் இல்லாமை என்று என்னால் சொல்ல முடியாது.

அதே மூணாற்றில் 2005இல் தோட்டங்கள் பல, ஊழியர்களும் பங்குதாரர்களாக உள்ள ஒரு நிறுவனத்தின் கைக்கு வந்தன. கொழுந்து பறிக்கும் பெண்ணும் பங்குதாரர்! சின்ன விஷயமில்லை. ஆனால் 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதம்தான் என்றானபோது, சாலையில் வந்து உட்கார்ந்தவர்கள் அந்தப் பெண்களே. பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள். ‘பெம்பிளை ஒருமை’, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தங்களுக்காகப் பேச வந்த சங்கத் தலைவர்களையும் விரட்டிவிட்டார்கள் (அந்தக் காட்சியைப் பார்த்து நான் சிரித்தது உண்மை). ஒன்பது நாள் கழித்து 20 சதவீதம் தர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. கையில் பங்கு இருந்தும், போனஸை முடிவு செய்த மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருக்கவில்லை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. நூறு பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் பணிக்குழு அமைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் கொடுத்தது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம். அதில் தொழிலாளர் தரப்பு நிர்வாகத் தரப்பைவிட எண்ணிக்கையில் குறையக் கூடாது. உங்கள் இடத்தில் அப்படி ஒரு குழு இருக்கிறதா? கடைசியாக எப்போது கூடியது?

பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். மேலாளரின் மேசைக்குள் என்றால் எனக்கு வியப்பில்லை. சாம்பாருக்கு ஒரு பதில் எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று எழுதுங்கள்.

எனக்கு அந்த வெற்றுக் காகிதம்தான் மனத்தை விட்டுப் போகவில்லை. பெட்டிவரை வந்து, மடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். என்ன எழுத நினைத்தாரோ.