கேமரா கழலாமல் இருக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, கொல்லிமலைக்கு பைக்கில் சென்றபோது, ஹெல்மெட்டின் உச்சியில் பொருத்தியிருந்த என் ஆக்‌ஷன் கேமரா மவுண்டோடு கழன்று விழுந்து உடைந்துவிட்டது. புறப்பட்ட அன்று காலையில்தான் மவுண்டை ஒட்டினேன். ஒட்டிய இடம் தவறா, ஒட்டுப்பட்டை தரமற்றதா?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஒட்டுப்பட்டையைக் குறை சொல்வதற்கு முன், அதற்கு நீங்கள் கொடுத்த அவகாசத்தைப் பார்க்க வேண்டும். இத்தகைய மவுண்டுகளின் அடியில் இருக்கும் அக்ரிலிக் நுரைப்பட்டை, ஒட்டப்படும் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் மெல்லப் படர்ந்துதான் பிடிமானம் பெறுகிறது. அறை வெப்பநிலையில் முதல் 20 நிமிடங்களில் ஏறத்தாழப் பாதி வலிமையும், 24 மணி நேரத்தில் சுமார் 90 சதவீதமும், 72 மணி நேரத்தில் முழு வலிமையும் அதற்குக் கிட்டும். ஆகவே காலையில் ஒட்டிவிட்டு அன்றே மலையேறியதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். சனிக்கிழமை பயணம் என்றால் புதன்கிழமையே ஒட்டிவிடுங்கள்.

ஒட்டுவதற்கு முன் பரப்பைத் துடைப்பதிலும் கவனம் தேவை. ஹெல்மெட்டுக்கு மெருகெண்ணெய் பூசியிருந்தால் எந்தப் பட்டையும் நிற்காது. கைபேசி பழுது பார்க்கும் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, விரல் படாமல் ஒட்டி, அரை நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் ஆகியவற்றைக் கிட்டே கொண்டுவர வேண்டாம். ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் (கடினப் பிளாஸ்டிக்) ஓட்டில் அவை கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும்.

இனி இடத்தைப் பற்றி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், மணிக்கு 40 கிலோமீட்டரில் இருந்ததைப்போல் நான்கு மடங்கு விசை 80 கிலோமீட்டரில் கேமராவைத் தள்ளுகிறது. உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கேமரா அந்த விசையை நெம்புகோல் போல ஒட்டுப்பட்டைக்குக் கடத்துகிறது. தலையைத் திருப்பும்போதெல்லாம் கழுத்தும் அதை உணரும். முழுமுக ஹெல்மெட் என்றால் தாடைப் பகுதியே என் தேர்வு. உங்கள் ஹெல்மெட்டின் தாடை வளைவுக்குப் பொருந்தும் மவுண்டாகப் பார்த்து வாங்குங்கள். அங்கே கேமரா தலையோடு ஒட்டி நிற்கும். ஹேண்டில்பாரும் கைகளும் சாலையும் ஒரே சட்டகத்தில் வருவதால் காட்சியும் ஓட்டுநரின் கண் பார்ப்பதைப் போலவே அமையும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். ஹெல்மெட்டில் துளையிட்டுத் திருகு முடுக்காதீர்கள். கம்பியாலோ கயிற்றாலோ கேமராவைக் கட்டவும் வேண்டாம். விழும்போது தலை தரையில் சிக்காமல் வழுக்கிச் செல்வதற்காகவே ஓடு வழவழப்பாகவும் உருண்டையாகவும் செய்யப்படுகிறது. அந்த நேரத்தில் கேமரா பிய்த்துக்கொண்டு போவதே நல்லது. போகாமல் நின்றால் கழுத்து திருகிக்கொள்ளும். கேரள மோட்டார் வாகனத் துறை 2022-இல் ஹெல்மெட் கேமராக்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தபோது முன்வைத்த காரணமும் பாதுகாப்புதான். வேறு மாநிலத்துக்குச் செல்லும்போது அங்குள்ள விதியைக் கேட்டறிந்து செல்லுங்கள்.

கேள்வி: ஹேண்டில்பாரில் பொருத்தி எடுத்த காணொளி முழுவதும் தண்ணீரில் தெரியும் நிழல் போல நெளிகிறது. கேமராவில் கோளாறா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. கேமரா படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவு செய்கிறது. இயந்திரத்தின் வேகமான அதிர்வால் ஒவ்வொரு வரியும் சற்று இடம் மாறிப் பதிவாகிறது. கேமராவுக்குள் இருக்கும் நிலைப்படுத்தும் வசதி கை ஆட்டத்தைச் சரிசெய்யும், இந்த நுண்ணதிர்வைச் சரிசெய்யாது. பாரின் விட்டத்துக்குச் சரியான உலோகக் கவ்வியை, ரப்பர் உள்பட்டையோடு, பாரின் நடுவை ஒட்டிப் பொருத்துங்கள். கவ்விக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டும் நீட்டுக் கம்பிகளைத் தவிருங்கள். ஒவ்வொரு மூட்டும் ஆட்டத்தைக் கூட்டும். அதன் பிறகும் நெளிந்தால் மார்புப் பட்டைக்கு மாறிவிடுங்கள், உடலே அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்கு கற்று வருகிறேன். பலகையில் கேமரா பொருத்தலாமா?
– வாசகி, சென்னை

பதில்: கற்றுக்கொள்பவர்களுக்குப் பெரும்பாலும் மென்மையான நுரைப்பலகையே தரப்படும். அதன் மேல் ஒட்டுப்பட்டை நிற்காது. பலகையைத் துளைத்து இருபுறமும் தட்டு வைத்து இறுக்கும் மவுண்டுதான் அதற்கு உண்டு. பலகை உங்களுடையது அல்ல என்றால், பயிற்சியாளரிடம் கேட்காமல் துளையிட வேண்டாம். கடினமான பலகை என்றால், மேலே பூசிய மெழுகை முற்றிலும் சுரண்டித் துடைத்து, முன்முனை அருகே ஒட்டுங்கள். பிடிமானம் முழுமை பெறும்வரை கடலில் இறக்காதீர்கள்.

ஹெல்மெட்டுக்கு நான் வேண்டாம் என்ற கயிறு இங்கே கட்டாயம் வேண்டும். சுமார் 150 கிராம் எடையுள்ள கேமரா தண்ணீரில் நேராக மூழ்கிவிடும், கலங்கிய கரையோர நீரில் தேடினால் கிடைக்காது. கயிற்றைத் தனி ஒட்டுத்தளத்தில் கட்டுங்கள். மவுண்டிலேயே கட்டினால் இரண்டும் சேர்ந்து போய்விடும். கயிறு குட்டையாக இருக்கட்டும். நீளமாக விட்டால், அலை புரட்டும்போது கேமரா வீசப்பட்டு உங்கள் முகத்திலேயே அடிக்கும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், திருகில் உப்பு படிந்தால் அடுத்த முறை சுழலாது.

கேள்வி: பழைய மவுண்டைப் பிய்த்து வேறு ஹெல்மெட்டில் ஒட்டலாமா?
– வாசகர், மதுரை

பதில்: அதே பட்டையோடு ஒட்டக் கூடாது, ஒருமுறை பிரித்த பட்டைக்கு முன்பிருந்த பிடிமானம் திரும்பாது. கழற்றும்போது முடி உலர்த்தியால் மிதமாகச் சூடேற்றி, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலையோ தூண்டில் நரம்பையோ மவுண்டுக்கும் ஓட்டுக்கும் இடையே விட்டு, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுங்கள். தட்டில் மிஞ்சிய நுரையைச் சுரண்டிவிட்டு, அதே வகைப் புதிய பட்டையை வெட்டி ஒட்டினால் மவுண்டை மீண்டும் பயன்படுத்தலாம்.