இரண்டாவது டிஸ்க் எந்த வீட்டில் இருக்க வேண்டும்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: "லப்டொப்பில் 180 ஜிபி அளவுக்குச் சேர்ந்துவிட்டது. 2011இலிருந்து பிள்ளைகளின் படங்கள், வினாத்தாள்கள், ஸ்கேன் செய்த காணி உறுதிகள். ஞாபகம் வரும்போது ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி எடுத்து வைப்பேன். இப்போது அது டக் டக் என்று சத்தம் போடுகிறது. கூகுளில் இலவச இடமும் நிரம்பிவிட்டது. புது டிஸ்க் ஒன்று வாங்கினால் போதுமா? மாதாமாதம் காசு கட்டி கூகுளில் இடம் எடுக்கத்தான் வேண்டுமா?"

முதலில் அந்தச் சத்தம். டிஸ்க்கின் வாசிக்கும் முனை தடுமாறும்போதுதான் பெரும்பாலும் அப்படிக் கேட்கும். அதில் இனி எதையும் எழுத வேண்டாம். லப்டொப்பில் இல்லாத முக்கியமான ஏதாவது அதில் மட்டும் இருந்தால், திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காமல் டேட்டா மீட்கும் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை சுழலும்போதும் சேதம் கூடலாம்.

சரி, கேள்விக்கு வருவோம். ஒரு டிஸ்க் போதாது, இரண்டு வாங்குங்கள். கூகுளுக்குக் காசு கட்டுவது கட்டாயமில்லை.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு ஒன்று உண்டு. மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். நம் ஊரில் எல்லோரும் தவறவிடுவது அந்தக் கடைசி ஒன்றைத்தான். புது டிஸ்க்கை வாங்கி, லப்டொப் இருக்கும் அதே மேசை லாச்சியில் வைத்துவிடுவார்கள். கள்ளன் வந்தால் இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போவான், வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

களுவாஞ்சிகுடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் ஊர். பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்து வைப்பது இங்கே வேறு இடம் ஆகாது. 2004 சுனாமி வேலி பார்த்து வரவில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சொந்தக்காரர் இருந்தால் கடலுக்கு அது தூரம்தான், ஆனால் மாரியில் அங்கேயும் வெள்ளம் ஏறும். அம்பாறை நகரிலோ பதுளையிலோ கொழும்பிலோ ஆள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு டிஸ்க் வீட்டில், மற்றது அங்கே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய்வரும்போது மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே போகும் டிஸ்க்குக்கு பிட்லொக்கர் அல்லது வெராகிரிப்ட் என்ற பூட்டும் மென்பொருள் கொண்டு கடவுச்சொல் போடுங்கள், உள்ளே காணி உறுதி இருக்கிறதல்லவா. அந்தக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது.

1978 நவம்பர் சூறாவளி கடல் பக்கத்து எழுவான்கரை, படுவான்கரை என்று பார்க்காமல் அடித்தது. அப்படி ஒரு நாளுக்குத்தான் கூகுள் போன்ற இணையச் சேமிப்பு, அதாவது கிளவுட். 180 ஜிபியையும் அங்கே ஏற்ற வேண்டியதில்லை. வீட்டு இணைப்பில் ஏற்றும் வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் அதற்கு 80 மணி நேரம் போகும், டேட்டாவும் கரையும். திரும்பக் கிடைக்கவே கிடைக்காதவற்றை மட்டும் பிரித்தெடுங்கள்: உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், வினாத்தாள்கள், தெரிந்தெடுத்த சில நூறு படங்கள். கூகுள் தரும் 15 ஜிபிக்குள் இவை அடங்கிவிடும். உங்களுடையது நிரம்பியிருப்பது பெரும்பாலும் வட்ஸ்அப் வீடியோக்களாலும் பழைய மின்னஞ்சல்களாலும்தான். அவற்றைக் கழித்துவிட்டு, உங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் இரவில் ஏற்றுங்கள்.

கூகுள் டிரைவ் போல்டரை லப்டொப்போடு இணைத்து வைத்தாலே காப்பு எடுத்தாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். லப்டொப்பில் பிள்ளை தெரியாமல் ஒரு போல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குள் கவனிக்காவிட்டால் போய்விட்டது. அதனால்தான் டிஸ்க்கை விட முடியாது.

டிஸ்க்கில் கையால் கொப்பி பண்ண வேண்டாம். விண்டோஸிலேயே 'பைல் ஹிஸ்டரி' இருக்கிறது, மாறிய கோப்புகளின் பழைய வடிவங்களையும் அது வைத்திருக்கும். இதில் ஒரு பொறி உண்டு. டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டொப் போன்றவற்றைத்தான் அது தானாக எடுக்கும். நம் ஆட்கள் பாதிப் பேர் எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டு வைப்பவர்கள். அந்தப் போல்டர்களை நீங்களாக லைப்ரரியில் சேர்த்தால் ஒழிய அவை காப்பில் வராது.

வெள்ளிக்கிழமை இரவு டிஸ்க்கைச் செருகி 'ரன் நவ்' கொடுங்கள், முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியபடியே கிடந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் அதையும் பூட்டிவிடும். இடி மின்னல் வரும் ஒக்டோபர் மாலைகளில் லப்டொப்போடு சேர்ந்து டிஸ்க்கும் கருகலாம். கடல் காற்றில் செருகும் முனைகள் துருப்பிடிக்கும், ஆகவே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பென் டிரைவை நீண்ட காலச் சேமிப்புக்கு நம்ப வேண்டாம். தலா 1 டிபி டிஸ்க் இரண்டு உங்களுக்குத் தாராளம்.

அப்புறம், எடுத்த காப்பு திறக்கிறதா என்று வேறொருவரின் கணினியில் பாருங்கள். 2011 படம் ஒன்று, பழைய வினாத்தாள் ஒன்று. வினாத்தாளைத் திறந்ததும் தமிழுக்குப் பதிலாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்தால் பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை. நீங்கள் பாமினி என்ற எழுத்துருவில் தட்டியிருக்கிறீர்கள், அந்தக் கணினியில் பாமினி இல்லை. எழுத்துருக் கோப்பையும் வினாத்தாள் போல்டருக்குள்ளேயே ஒரு பிரதி போட்டு வையுங்கள். பொதுப் பரீட்சைக்கு முந்திய வாரம் லப்டொப் செத்தால், அடுத்த கணினியில் அதை நிறுவிவிட்டு வேலையைத் தொடரலாம்.