கோரையை ஒழித்த பிறகே பொடுதலை நடுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடிக்கும் மாமரத்துக்கும் நடுவே 10-க்கு 12 அடி இடம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. கோடையில் புழுதி, மழையில் சேறு. தரையோடு படரும் செடி நட விரும்புகிறேன். நர்சரியில் வெடேலியாவைத் தருகிறார்கள். கோரையும் நிறைய முளைக்கிறது. என்ன செய்யலாம்? – வாசகர், கும்பகோணம்.

பதில்: வெடேலியா வேண்டவே வேண்டாம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. வேலி தாண்டி வாய்க்காலில் இறங்கினால் தடுக்க முடியாது. சிலர் இதையே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பிச் சமைத்தும் விடுகிறார்கள். இலை மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அது வெடேலியாதான்.

உங்கள் ஊர் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் தானாகப் படரும் பொடுதலையே வெயில் படும் பகுதிக்குப் போதும். கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அவ்வப்போது மிதிபட்டாலும் தாங்கும். மரநிழலில் ஈரம் நிற்கும் இடத்தில் வல்லாரை வையுங்கள், துவையலுக்கும் ஆகும். அதை மட்டும் மிதிக்கக் கூடாது.

ஆனால் படர்செடி கோரையை அமுக்கிவிடும் என்று எண்ணாதீர்கள். கோரையின் உயிர் மண்ணுக்குள் சங்கிலியாகக் கிடக்கும் கிழங்குகளில் இருக்கிறது. மேலே பிடுங்கினால் கீழிருந்து மறுபடி முளைக்கும். நல்ல வெயில் காலத்தில் அரை அடிக்குக் கொத்திப் புரட்டி, கிழங்குகளைப் பொறுக்குங்கள். தப்பியவை வெயிலில் காய்ந்து சாகட்டும். பிறகு தண்ணீர் விட்டு, மிச்சமிருப்பதை முளைக்கவைத்து மறுபடியும் கொத்துங்கள். இரண்டு மூன்று முறை செய்தால்தான் அடங்கும். பொறுக்கிய கிழங்கை எருக்குழியில் போடாதீர்கள். மாமரத்தடியில் ஆழமாகக் கொத்த வேண்டாம், வேர் அறுபடும். நிழலில் கோரையும் அவ்வளவாக வளராது.

நடவுக்கு ஆவணிக் கடைசி நல்ல காலம். ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளம் கொடியை அரித்துக்கொண்டு போகும். வரப்பிலிருந்து கொடி எடுத்தால் வேரில் ஒட்டிய மண்ணை நன்றாகக் கழுவுங்கள். அந்த மண்ணோடு கோரைக் கிழங்கு வந்தால் இத்தனை பாடும் வீண். மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணில் கலந்து, மூன்று நான்கு கணுக்கள் உள்ள துண்டுகளாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மாலையில் நடுங்கள். இடைவெளி 20 செ.மீ. போதும், சதுர மீட்டருக்கு 25 துண்டுகள். மரத்தின் தூரைச் சுற்றி இரண்டடி விட்டுவிடுங்கள்.

சருகு மூடாக்குக் கனமாகப் போடுவதை இங்கே தவிர்க்க வேண்டும். கொடி மண்ணைத் தொட்டால்தான் கணு வேர்விடும். ஓடும் கொடிமேல் ஒரு கைப்பிடி மண் போட்டு அழுத்திவிட்டால் விரைவில் பிடிக்கும். முதல் பத்து நாள் தினமும் தண்ணீர், பிறகு மண் காயும்போது மட்டும். தரை முழுதும் மூடும்வரை வாரம் ஒருமுறை களை எடுப்பது கட்டாயம்.

பொடுதலைப் பூவுக்குத் தேனீக்கள் வரும். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் இடமென்றால், பூக்கும் சமயத்தில் மேலாக வெட்டிவிடுங்கள், மறுபடி தழைத்துக்கொள்ளும்.